வெயிலுக்கு ஈடுகொடுக்கும் பேட்டரி ஃபிளாஷ்: வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

கேள்வி: வெளிப்புறங்களில் உருவப்படங்கள் எடுக்கிறேன். கேமராவின் மேல் பொருத்தும் சிறிய ஃபிளாஷை ஸ்டாண்டில் நிறுத்தி ஒளியை மென்மையாக்கும் துணிப்பெட்டியான சாஃப்ட்பாக்ஸை மாட்டினால், உச்சி வெயிலில் அதன் ஒளி முகத்தில் தெரிவதே இல்லை. பேட்டரியில் இயங்கும் பெரிய ஃபிளாஷ்கள் 200, 400, 600 வாட்-செகண்ட் அளவுகளில் கிடைக்கின்றன. இவற்றில் எதை வாங்கலாம்?

பதில்: வாட்-செகண்ட் என்பது ஃபிளாஷின் கெப்பாசிட்டரில் தேங்கும் மின்னாற்றலின் அளவே தவிர, வெளிவரும் ஒளியின் அளவு அன்று. ஒரே எண்ணைத் தாங்கிய இரண்டு ஃபிளாஷ்கள்கூட, குழாயின் திறனையும் பிரதிபலிப்பானின் வடிவத்தையும் பொறுத்து வெவ்வேறு அளவு ஒளியைத் தரலாம். ஆயினும் ஒரே நிறுவனத்தின் வரிசைக்குள் ஒப்பிட அந்த எண் பயன்படும். ஆற்றல் இரு மடங்கானால் ஒளியும் இரு மடங்காகும், அதாவது ஒரு ஸ்டாப் கூடும். எனவே 200இலிருந்து 400க்குப் போனால் கிடைப்பது ஒரு முழு ஸ்டாப். 400இலிருந்து 600க்குப் போனால் அரை ஸ்டாப்புக்குச் சற்றே அதிகம். கூடும் விலையையும் எடையையும் இந்த வேறுபாட்டோடு சேர்த்துப் பார்ப்பது நல்லது.

உங்களுக்கு எவ்வளவு தேவை என்பதை வெயிலை வைத்தே கணக்கிட்டுவிடலாம். மேகமற்ற வெயிலில் ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்திறன்) 100, ஷட்டர் வேகம் 1/100 நொடி என்று வைத்தால், அபெர்ச்சர் எனப்படும் லென்ஸ் திறப்பு எஃப்/16 (எண் கூடினால் திறப்பு சுருங்கும்) என்பது நெடுங்காலமாக வழங்கிவரும் கணக்கு. பெரும்பாலான கேமராக்களின் சின்க் வேகம் (ஃபிளாஷ் வழக்கம்போல் ஒரே வெடிப்பாக மின்ன ஏற்ற உச்ச ஷட்டர் வேகம்) 1/200 அல்லது 1/250 நொடியாக இருப்பதால், அந்த வேகத்தில் இது ஏறத்தாழ எஃப்/11 ஆகிறது. சாஃப்ட்பாக்ஸின் துணிகளைக் கடந்து முகத்தைச் சேரும் ஒளி எஃப்/11 அளவுக்கு இருந்தால்தான் அது வெயிலுக்குச் சமமாக நிற்கும். பின்னணியை ஒரு ஸ்டாப் இருட்டாக்க விரும்பினால் எஃப்/16 அளவுக்கு வேண்டும். சிறிய ஃபிளாஷ்கள் பெரும்பாலும் 60 முதல் 80 வாட்-செகண்டுக்குள் அடங்குபவை. அதிலும் ஓரிரண்டு ஸ்டாப்பைத் துணி விழுங்கிவிடுகிறது. உங்கள் ஃபிளாஷ் தோற்பதற்குக் காரணம் இதுவே.

அடுத்துப் பார்க்க வேண்டியது தொலைவு. ஃபிளாஷ் இரு மடங்கு தள்ளிப் போனால் ஒளி நான்கில் ஒரு பங்காகக் குறையும். அதை ஈடுகட்ட நான்கு மடங்கு ஆற்றல் தேவை. சாஃப்ட்பாக்ஸைச் சட்டகத்தின் விளிம்பை ஒட்டி, ஒன்று அல்லது ஒன்றரை மீட்டரில் வைத்து, ஒருவரை மார்பளவில் எடுப்பவருக்கு 200 வாட்-செகண்ட் பெரும்பாலும் போதும். முழு உருவத்தையோ குழுவையோ எடுக்க ஸ்டாண்டை மூன்று மீட்டருக்குத் தள்ளினால், 600 வாட்-செகண்ட்கூட முழுத் திறனில் உழைக்க வேண்டியிருக்கும். எனவே நீங்கள் அதிகம் எடுக்கும் படம் எது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். கையில் இருப்பதையே இன்னொரு முறை சோதித்துப் பார்க்கவும் சொல்வேன்: சூரியன் முதுகுப்புறம் இருக்கும்படி ஆளை நிறுத்தினால் முகம் நிழலில் விழுகிறது. அப்போது வெயிலை வெல்ல வேண்டியதில்லை, நிழலை நிரப்பினால் போதும். அதற்குத் தேவைப்படும் ஒளி மிகவும் குறைவு.

கேள்வி: சின்க் வேகத்தைத் தாண்டியும் ஃபிளாஷைப் பயன்படுத்த உதவும் ஹை ஸ்பீட் சின்க் வசதி இருந்தால், சிறிய ஃபிளாஷைக் கொண்டே உச்சி வெயிலில் எஃப்/2.8இல் எடுக்கலாம் என்கிறார்களே?

பதில்: எடுக்கலாம், ஆனால் அந்த வசதி ஃபிளாஷின் பலத்தைக் கூட்டாது, குறைக்கும். எஃப்/11இலிருந்து எஃப்/2.8 நான்கு ஸ்டாப் தொலைவு. அதனால் 1/250 நொடி 1/4000 ஆக வேண்டும். அந்த வேகத்தில் ஷட்டரின் திரைகள் சென்சாரின் முழுப் பரப்பையும் ஒரே நேரத்தில் திறப்பதில்லை. ஆகவே ஃபிளாஷ் ஒரே வெடிப்பாக மின்னாமல், திரைகள் கடந்து முடியும் வரை தொடர் துடிப்புகளாக ஒளிர்கிறது. அந்த ஒளியில் பெரும் பகுதி திரைகளில் பட்டு வீணாவதால் இரண்டு ஸ்டாப்போ அதற்கு மேலோ இழக்க நேரிடும். ஒளியை நான்கு ஸ்டாப் குறைக்கும் என்டி ஃபில்டரை (கருமையான கண்ணாடி) லென்ஸில் மாட்டி சின்க் வேகத்திலேயே எடுத்தால் இந்த இழப்பு இல்லை. வ்யூஃபைண்டர் இருண்டு ஃபோகஸ் சற்றுத் தடுமாறலாம் என்பதே அதன் குறை. குறைந்த ஆற்றலுள்ள ஃபிளாஷ் வைத்திருப்பவருக்கு நான் பரிந்துரைப்பது ஃபில்டரையே.

கேள்வி: விலை குறைந்த நிறுவனத்தின் ஃபிளாஷை வாங்கினால் பின்னர் வருந்த நேருமா?

பதில்: விலையைவிட, அந்த ஃபிளாஷோடு சேர்ந்து வரும் அமைப்பையே கவனியுங்கள். கேமராவிலிருந்து ஃபிளாஷைத் தொலைவில் இயக்கும் ரேடியோ ட்ரிகர்கள் பெரும்பாலும் தத்தம் நிறுவனத்தின் ஃபிளாஷ்களோடு மட்டுமே பேசும். டிடிஎல் (ஃபிளாஷின் அளவைக் கேமராவே தானாகக் கணிக்கும் முறை) தேவைப்பட்டால் உங்கள் கேமரா நிறுவனத்துக்குரிய ட்ரிகரையே வாங்க வேண்டும். சாஃப்ட்பாக்ஸ் மாட்டும் வளையமும் முக்கியம்: போவன்ஸ் நிறுவனம் 2017இல் மூடப்பட்ட பிறகும் அதன் எஸ் மவுண்ட் பரவலாகப் புழங்குவதால், அந்த வளையம் உள்ள ஃபிளாஷுக்குத் துணைக்கருவிகள் எளிதில் கிடைக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக பேட்டரியைப் பற்றிக் கேளுங்கள். பல மாடல்களின் பேட்டரி அந்த மாடலுக்கே உரியது. ஃபிளாஷ் நன்றாக இருக்கும்போதே பேட்டரி தளர்ந்துவிடும். மாற்று பேட்டரி தனியாகக் கிடைக்காத ஃபிளாஷ் எவ்வளவு மலிவானாலும் அதை வாங்க வேண்டாம்.

கேள்வி: இந்த பேட்டரிகளை விமானத்தில் எடுத்துச் செல்ல முடியுமா?

பதில்: முடியும். பேட்டரியின் வோல்ட்டை ஆம்பியர்-ஹவரால் பெருக்கினால் வாட்-ஹவர் கிடைக்கும், 14.4 வோல்ட், 2.9 ஆம்பியர்-ஹவர் என்றால் ஏறத்தாழ 42. பொதுவான விமான விதிகளின்படி 100 வாட்-ஹவர் வரை கைப்பையில் எடுத்துச் செல்லலாம். 100க்கு மேல் 160 வரை உள்ளவற்றுக்கு விமான நிறுவனத்தின் முன் அனுமதி வேண்டும். தனியாக எடுத்துச் செல்லும் உபரி பேட்டரிகளைச் சரக்கோடு அனுப்பும் பெட்டியில் வைக்கவே கூடாது. அவற்றின் மின்முனைகளை மூடிக் கைப்பையில் வையுங்கள்.

கேள்வி: பயன்படுத்திய ஃபிளாஷை வாங்குவதாக இருந்தால் எதைச் சோதிக்க வேண்டும்?

பதில்: முழுத் திறனில் தொடர்ந்து இருபது முப்பது முறை மின்னச் செய்து, ஒவ்வொரு முறையும் அது தயாராக எவ்வளவு நேரம் ஆகிறது, படங்களின் வெளிச்சம் ஒரே சீராக இருக்கிறதா என்று பாருங்கள். குழாயின் முனைகள் கருத்திருந்தால் அது நிறைய உழைத்திருக்கிறது என்று பொருள். பேட்டரி சிறிதளவு உப்பியிருந்தாலும் அதை ஏற்க வேண்டாம். உள்ளே பார்க்கலாம் என்று உறையைத் திறக்க ஒருபோதும் முயலாதீர்கள். அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் நூற்றுக்கணக்கான வோல்ட் மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும், அது உயிருக்கே ஆபத்தாகலாம்.