பழைய படமும் பக்கவாட்டுக் கறுப்புப் பட்டையும்

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: ‘அப்பா பார்ப்பதற்காக “வீரபாண்டிய கட்டபொம்மன்” டிவிடி வாங்கினேன். எங்கள் புதிய டிவியில் ஆட்கள் குட்டையாகவும் பருமனாகவும் தெரிகிறார்கள். ஜூம் வைத்தால் ஜாக்சன் துரையிடம் வாதிடும் காட்சியில் தலை வெட்டுப்படுகிறது. வேறு பதிப்பு வாங்க வேண்டுமா?’

வேண்டாம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், குறை டிவிடியில் இல்லை; டிவியின் அமைப்பில்தான் இருக்கிறது.

தமிழுக்கு சினிமாஸ்கோப் என்னும் மிக அகலமான பட வடிவம் 1973-இல் ‘ராஜராஜ சோழன்’ படத்தோடுதான் வந்தது. 1959-இல் வெளிவந்த கட்டபொம்மன், அக்காலப் படங்களைப் போலவே, அகலம் உயரத்தைவிடச் சற்றே கூடுதலான, அதாவது உயரம் ஒன்றுக்கு அகலம் 1.37 என்ற சட்டகத்தைச் சேர்ந்தது. உங்கள் டிவியின் அகலமோ உயரத்தைப் போல் 1.78 மடங்கு. ஆகவே படம் முழுதாகத் தெரிய வேண்டுமானால் இரு பக்கமும் கறுப்புப் பட்டை விழுந்தே தீரும். அதைப் போக்க, படத்தை அகலவாக்கில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு இழுக்க வேண்டும். அல்லது உயரத்தில் ஏறத்தாழக் கால் பங்கை வெட்ட வேண்டும். டிவியைப் பொருத்தித் தருபவர்கள் பெரும்பாலும் திரையை நிரப்பி வைத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். வீட்டாரும் கறுப்பைக் குறையென்றே எண்ணுகிறார்கள். பாஞ்சாலங்குறிச்சியும் கயத்தாறும் நம் சீமை. அந்தக் கதையை நம் வீட்டிலேயே தலை வெட்டிப் பார்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

டிவிடி பிளேயரின் அமைப்பில் டிவி வகையை 16:9 (அகலத்திரை, அதாவது 1.78) என்றும், டிவியில் படத்தின் அளவை 4:3 (பழைய சட்டகத்துக்கு நெருக்கமான 1.33) என்றும் வையுங்கள். பிறகு கேடயம், சக்கரம் போன்ற ஏதேனும் ஒரு வட்டப் பொருள் நேராகத் தெரியும் இடத்தில் படத்தை நிறுத்திப் பாருங்கள். அது வட்டமாகவே தெரிந்தால் அளவு சரி. மாறாக, டிவியில் 16:9 இருக்கும்போதே வட்டம் வட்டமாகவும், பக்கங்களில் கறுப்பு இல்லாமலும் தெரிந்தால், மேலும் கீழும் வெட்டிய பிறகே அந்த டிவிடியைத் தயாரித்திருக்கிறார்கள் என்று பொருள். இழுத்ததை ரிமோட்டில் சரிசெய்யலாம். வெட்டியே பதிவானதை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது. அப்போதுதான் வேறு பதிப்பைத் தேட வேண்டும்.

‘புதுப்பிக்கப்பட்டது’ என்ற சொல்லை மட்டும் நம்பி வாங்க வேண்டாம். 1964-இன் ‘கர்ணன்’ 2012-இல் மெருகேற்றப்பட்டுத் திரையரங்குகளுக்கு வந்தபோது சினிமாஸ்கோப் வடிவில் வந்தது. 1.37 சட்டகத்தை அகலம் குறையாமல் சினிமாஸ்கோப்பின் 2.35 ஆக்கினால் உயரத்தில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் போய்விடும். வண்ணமும் ஒலியும் எவ்வளவு துலங்கினாலும், முழுச் சட்டகம் உள்ள பதிப்பையே உங்கள் தந்தைக்குப் பரிந்துரைப்பேன்.

ஜூம் உதவும் இடமும் ஒன்று உண்டு. பழைய டிவிடிகள் சிலவற்றில் சினிமாஸ்கோப் படம் மேல் கீழ்ப் பட்டைகளோடு சேர்த்தே 4:3 சட்டத்துக்குள் பதிவாகியிருக்கும். அகலத்திரையில் நாற்புறமும் கறுப்பு சூழ்ந்து படம் சிறுத்துத் தெரியும். அங்கே ஜூம் வைத்தால் வெறும் பட்டைதான் வெட்டுப்படும்.