ஃப்ரிட்ஜில் வைத்த சிலந்தி

அன்புள்ள ஐயா,

உங்கள் பூச்சிப் படங்களைப் பார்த்துத்தான் ஆறு மாதம் பணம் சேர்த்து 100 எம்.எம். மேக்ரோ லென்ஸ் வாங்கினேன். வீட்டுத் தோட்டத்தில் 400 படம் எடுத்தால் நான்குகூடத் தேறவில்லை. கண்ணுக்கு ஃபோகஸ் வைத்தால் வால் மங்குகிறது, வாலுக்கு வைத்தால் கண் மங்குகிறது. அதற்குள் பூச்சியும் போய்விடுகிறது. டப்பாவில் பிடித்துப் பத்து நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்தால் அசையாது என்று வாட்ஸப் குழுவில் ஒருவர் சொன்னார். தாவும் சிலந்தி ஒன்றை அப்படி வைத்து எடுத்தேன். படம் துல்லியமாக வந்தது. பக்கத்தில் நின்ற மகள், "செத்துப்போச்சாம்மா?" என்று கேட்டாள். சற்று நேரத்தில் அது எழுந்து ஓடிவிட்டது. ஆனாலும் அந்தப் படத்தை யாருக்கும் காட்ட மனம் வரவில்லை. நான் செய்தது தவறா? வேறு வழி உண்டா?

ஒரு வாசகி, மன்னார்குடி

அன்புள்ள வாசகிக்கு,

அந்தப் படத்தை மறுபடி எடுத்துப் பாருங்கள். கால்கள் உடம்பை ஒட்டி மடங்கியிருக்கும். காலை மடக்கச் சிலந்திக்குத் தசை உண்டு. ஆனால் முக்கியமான மூட்டுகளில் நீட்டுவதற்குத் தசை கிடையாது. உடம்பிலுள்ள திரவத்தை அழுத்திக் கால்களுக்குள் செலுத்தித்தான் நீட்டுகிறது. செத்த சிலந்தி கால்களைச் சுருட்டிக் கிடப்பது அதனால்தான். குளிரில் முடங்கியதும் கிட்டத்தட்ட அந்தக் கோலத்துக்கு வந்துவிடும். உங்கள் மகள் சரியாகத்தான் பார்த்திருக்கிறாள்.

உயிரை அசையாமல் நிறுத்திப் பார்க்கும் இந்த ஆசை மிகப் பழையது. 1665-இல் நுண்ணோக்கிச் சித்திரங்களை வெளியிட்ட இங்கிலாந்துக்காரர் ராபர்ட் ஹூக், எறும்பை வரையத்தான் அதிகம் திண்டாடினார். மெழுகிலும் பசையிலும் காலை ஒட்டினால் அது உடம்பை முறுக்கிக்கொண்டது. கொன்றால் அந்தச் சின்ன உடம்பு உருக்குலைந்தது. கடைசியில் பிராந்தியில் போட்டார். மயங்கிக் கிடந்த எறும்பு ஒரு மணி நேரம் போல ஆனதும் திடீரென்று எழுந்து ஓடியது. ஹூக்கை நான் குறை சொல்லமாட்டேன். நுண்ணோக்கி வழியே நெடுநேரம் பார்த்துப் பார்த்துக் கையால் வரைய வேண்டிய மனிதர் அவர். உங்கள் ஃப்ளாஷைப் பதினாறில் ஒரு பங்கு சக்தியில் வைத்தால் அது மின்னும் நேரம் ஒரு நொடியில் ஏறக்குறைய 10,000-இல் ஒரு பங்குதான். உயிர் அசையாமல் இருக்க வேண்டிய நேரமும் அவ்வளவுதான். ஹூக்குக்கு இருந்த கட்டாயம் நமக்கு இல்லை.

தவறா என்று கேட்டீர்கள். தவறுதான். இதைவிடப் பெரிய தவறை நான் செய்திருக்கிறேன். ஒரு குளக்கரையில் தட்டான் ஒன்று தன் பழைய தோலைக் கிழித்து வெளியே வந்துகொண்டிருந்தது. பின்னணி சுத்தமாக இருக்கட்டும் என்று அது பிடித்திருந்த கோரையைச் சற்று வளைத்தேன். ஈரமான சிறகு பக்கத்துப் புல்லில் ஒட்டி மடங்கியது, மடங்கியபடியே காய்ந்தும் போனது. அந்தத் தட்டான் பறக்கவே இல்லை. வெயில் ஏறும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். தோலுரிக்கும் எந்த உயிரின் பக்கத்திலும் அதற்குப் பிறகு நான் கை வைத்ததில்லை.

சரி, கண்ணும் வாலும். பூச்சியின் உண்மையான அளவே படம் பதியும் சென்சாரிலும் விழும்படி நெருங்கி, பெரிய சென்சார் கொண்ட ஃபுல் ஃப்ரேம் கேமராவில் லென்ஸின் துளையை எஃப் 11-இல் வைத்தால், துல்லியமாக விழும் ஆழம் ஒன்றேகால் மில்லிமீட்டர் அளவுக்குத்தான் இருக்கும். துளையை இன்னும் சுருக்கி எஃப் 22-க்குப் போனால் ஆழம் கூடும், ஆனால் சிறிய துளையின் விளிம்பில் ஒளி வளைவதால் படம் முழுவதும் மழுங்கிவிடும். ஆகவே, எல்லாம் தெளிவாக வேண்டும் என்ற ஆசையை விடுங்கள். தட்டான் என்றால் அதன் உடம்பும் லென்ஸின் முகமும் இணையாக இருக்கும்படி பக்கவாட்டில் நில்லுங்கள். சிலந்தி என்றால் முன்கண்கள் இரண்டும் தெளிவாக இருந்தால் போதும். வெவ்வேறு இடத்தில் ஃபோகஸ் வைத்த பல படங்களை அடுக்கி ஒன்றாக்கும் ஸ்டேக்கிங் இருக்கிறது. தூங்கும் பூச்சிக்கு உதவும், நடப்பதற்கு உதவாது.

ஃபோகஸ் வளையத்தைத் திருகவே திருகாதீர்கள். வேண்டிய அளவை முதலிலேயே வைத்துக்கொண்டு, உடம்பை முன்னும் பின்னும் மெல்ல அசைத்து, கண் தெளியும் கணத்தில் அமுக்குங்கள். இடக்கை விரல்களால் செடியின் தண்டைப் பிடித்து, அதே கையின் மேல் லென்ஸைச் சாய்த்துக்கொண்டால், காற்றடித்தாலும் பூச்சியும் கேமராவும் சேர்ந்தே ஆடும். என் படங்களில் பாதிக்கு மேல் இப்படி எடுத்தவைதான். ஆனால் ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது புல்நுனியை எந்தக் கையும் பிடித்து நிறுத்தாது; அந்த மாதம் சுவரோரச் சிலந்திகளைப் பாருங்கள். ஃப்ளாஷுக்கு முன்னால் பட்டர் பேப்பர் கட்ட மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் வண்டின் முதுகில் வெள்ளைப் பொட்டுதான் மிஞ்சும்.

ஃப்ரிட்ஜ் தரும் குளிரை மார்கழி விடிகாலை தானாகவே தருகிறது. வெயில் படும்வரை தட்டானும் வண்ணத்துப்பூச்சியும் பனித்துளியோடு தொங்கிக்கொண்டிருக்கும். அவை தாமாகத் தேர்ந்துகொண்ட இடம், தாமாகத் தூங்கும் நிலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டு மாமரத்தில் முசுறு கூடு கட்டியிருக்கிறது. அந்தச் செவ்வெறும்புகளுக்கு நடுவே அவற்றைப் போலவே ஒரு தாவும் சிலந்தி திரிகிறது. எறும்புக்குக் கால் ஆறு, இதற்கு எட்டு. அதனால் முன்னங்கால் இரண்டையும் தூக்கி, உணர்கொம்பு போல ஆட்டிக்கொண்டே நடக்கும். ஆணுக்குத் தாடைகள் நீண்டு துருத்திக்கொண்டிருக்கும். பார்த்தால் இன்னொரு எறும்பைக் கவ்விக்கொண்டு போவதாகவே தோன்றும். நெருங்கினால் நூலில் தொங்கி இறங்கிவிடும். மூன்று வாரம் முசுறுக் கடி வாங்கிய பிறகுதான், அது கால்களைத் தூக்கியபடி நின்ற ஒரு படம் கிடைத்தது. குளிர வைத்த சிலந்தி அந்தக் கால்களைத் தூக்காது.

மன்னார்குடியிலும் மாமரங்கள் உண்டுதானே? மகளையும் கூட்டிப்போய்க் கீழே நின்று எறும்புகளின் கால்களை எண்ணச் சொல்லுங்கள். எட்டு வந்தால் எனக்கு எழுதுங்கள்.