லீவ் லெட்டர் எழுதுகிறார்கள், பாட்டில் லேபிளைப் படிக்கத் தெரியவில்லை!

கேள்வி: அரசு நடுநிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். "ஆஸ் ஐ ஆம் சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்று லீவ் லெட்டரை மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறார்கள். பிஸ்கட் பாக்கெட்டைக் காட்டி என்ன போட்டிருக்கிறது என்று கேட்டால் முழிக்கிறார்கள். இங்கிலீஷ் பேப்பர் வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன், தூங்கி வழிகிறார்கள். நிஜமான ஆங்கிலத்தை வகுப்புக்குள் கொண்டுவருவதெல்லாம் நம் பிள்ளைகளுக்குச் சரிப்படுமா? போர்ஷன் வேறு முடிக்க வேண்டும்.
— ஓர் ஆசிரியை, அறந்தாங்கி

பதில்: சரிப்படும் டீச்சர். பேப்பர் வாங்கியதில் தப்பே இல்லை, ஆனால் அதில் ஒரு செய்தியைப் படிக்கச் சொல்லி, ஐந்து கேள்வி கேட்டு, விடையை நோட்டில் எழுத வைத்திருந்தால் அதுவும் இன்னொரு பாடம்தான், பிள்ளைகள் அதை உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். அமெரிக்காவில் விக்டோரியா பர்செல்-கேட்ஸ், நெல் டியூக் போன்ற கல்வி ஆய்வாளர்கள் இரண்டாம், மூன்றாம் வகுப்பு அறிவியல் பாடத்தை வைத்து ஓர் ஆய்வு செய்து 2007-இல் வெளியிட்டார்கள். பள்ளிக்கு வெளியேயும் புழங்கும் எழுத்தா, படிக்கவும் எழுதவும் பாடத்தைத் தாண்டி ஒரு காரணம் இருக்கிறதா என்று இரண்டையும் பார்த்தார்கள். அது நம் ஊர் வகுப்பு இல்லைதான், ஆனால் அந்த இரண்டாவது கேள்வியை நீங்களும் கேட்டுப் பாருங்கள்.

காரணம் உங்கள் பள்ளிக்கூட வாசலிலேயே கிடக்கிறது. கூல்டிரிங்ஸ் பாட்டிலுக்குக் கடைக்காரர் 'கூலிங் சார்ஜ்' என்று இரண்டு ரூபாய் கூடப் போடுவார் இல்லையா? காலி பாட்டில்களை எடுத்து வரச் சொல்லுங்கள். எம்.ஆர்.பி. பக்கத்தில் 'இன்க்ளூசிவ் ஆஃப் ஆல் டாக்ஸஸ்' என்று இருக்கும். அப்படியானால் அந்த இரண்டு ரூபாய் எதற்கு என்று மட்டும் கேட்டுவிட்டு நீங்கள் சும்மா இருங்கள். அச்சிட்ட விலைக்கு மேல் விற்கக் கூடாது என்று பாக்கெட்டில் அடைத்து விற்கும் பொருட்களுக்கான 2011-ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகளே சொல்கின்றன என்பதை அப்புறம் சொல்லலாம். அந்த லேபிளில் எல்லா வரியும் புரிய வேண்டியதில்லை, புரிகிற அளவுக்கு எழுத்தை வெட்டிச் சுருக்கவும் வேண்டாம், வேலையைச் சின்னதாக்கினால் போதும்: விலை எங்கே, கெடு தேதி எங்கே, புகார் சொல்ல முகவரி எங்கே.

மாத்திரை அட்டையும் நல்ல சரக்கு. 'நாட் டு பி சோல்ட்' என்று தொடங்கும் எச்சரிக்கை வாசகத்தை விடவா பாஸிவ் வாய்ஸுக்கு உதாரணம் வேண்டும்? ஆனால் காலி அட்டையை நீங்களே கொண்டுபோங்கள். வீட்டிலிருந்து எடுத்து வரச் சொன்னால் யார் வீட்டில் யாருக்கு என்ன நோய் என்பது வகுப்பு முழுக்கத் தெரிந்துபோகும்.

எழுதுவதில்தான் நாம் ரொம்பக் கோட்டை விடுகிறோம். லீவ் லெட்டரை வாங்குகிறவர், திருத்துகிறவர், மார்க் போடுகிறவர் எல்லாம் டீச்சரே, காய்ச்சலும் பொய்! பாட்டிலிலும் பாக்கெட்டிலும் வாடிக்கையாளர் சேவை முகவரியோ இமெயிலோ அச்சிட்டிருக்கும், அதற்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள். இல்லாத புகாரை ஜோடிக்க வேண்டாம், உண்மையாகவே கேட்க ஒரு கேள்வி இருந்தால் போதும், காலி பாட்டிலை என்ன செய்வது என்றுகூடக் கேட்கலாம். முதலில் தமிழும் இங்கிலீஷும் கலந்தே பேசி, நாலைந்து பேராகச் சேர்ந்து எழுதட்டும், முதல் படியில் சிவப்புப் பேனாவைத் தொடாதீர்கள். வெளி ஆள் படிக்கப் போகிறார் என்று தெரிந்தால் "டீச்சர், இந்த ஸ்பெல்லிங் சரியா?" என்று அவர்களே வந்து நிற்பார்கள், இலக்கணத்தை அப்போது சொல்லிக் கொடுங்கள். அந்தக் கடிதத்தை நிஜமாகவே அனுப்பிவிடுங்கள், அனுப்பாவிட்டால் இதுவும் லீவ் லெட்டர்தான்.

போர்ஷனைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஃப்ரம், டு, யுவர்ஸ் ஃபெய்த்ஃபுல்லி எல்லாம் இதிலும் அதேதான், பரீட்சைக்குத் தனியாக உட்கார வைத்து நடத்த வேண்டியிருக்காது. வாரத்தில் ஒரு பீரியட் ஒதுக்குங்கள். பதில் வந்தால் உடைக்காமல் வகுப்புக்குக் கொண்டுபோங்கள், வராவிட்டால் நினைவூட்டிக் கடிதம் போடச் சொல்லுங்கள்.