சிடியிலிருந்து பாட்டை எடுக்கக் காசு எதற்கு?

அலமாரியில் கிடந்த ஆடியோ சிடிகளை எல்லோரும் ஒரே சமயத்தில் கீழே இறக்கியிருக்கிறீர்கள் போல. கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கேள்வி: சிடியை எம்பி3 ஆக்க ஒரு மென்பொருளை ஆண்டுச் சந்தா கட்டி வாங்கினேன். 'எங்கள் சொந்தத் தொழில்நுட்பம்' என்று விளம்பரம். நிறுவிய ஃபோல்டருக்குள் பார்த்தால் 'லேம்' என்ற பெயரில் ஒரு ஃபைல் இருக்கிறது. அது இலவசமாகக் கிடைப்பது என்கிறார் நண்பர். ஏமாந்துவிட்டேனா?

பதில்: ஆமாம். வெட்கப்பட வேண்டாம், இதே குழியில் உங்களுக்கு முன்பே நான் விழுந்திருக்கிறேன். பளபளவென்று முகப்பு, பழைய ஆம்ப்ளிஃபயரில் இருப்பது போலத் திருகும் குமிழ்கள், பார்த்ததும் மயங்கி மூன்று ஆண்டு சந்தா கட்டினேன். மூன்றாம் ஆண்டு ஏதோ பிழைச் செய்தி வந்தபோதுதான் ஃபோல்டரைத் திறந்தேன். லேமும், ஒலியில் எதையும் இழக்காமல் அமுக்கும் ஃப்ளாக்கும் உள்ளே சாதுவாக உட்கார்ந்திருந்தன. ஆக, நான் காசு கொடுத்தது குமிழ்களுக்கு.

இது எனக்குத் தீராத வயிற்றெரிச்சல், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். லேம் 1998-ல் தொடங்கிய எம்பி3 குறியாக்கி, அதாவது ஒலியை எம்பி3 ஃபைலாக அமுக்கித் தரும் மென்பொருள், பல பேர் வருடக்கணக்கில் கேட்டுக் கேட்டுச் செதுக்கியது. ஃப்ளாக்கை ஜோஷ் கோல்சன் எழுதினார், 2001-ல் முதல் முழுப் பதிப்பு வந்தது, 2003-ல், திறந்த ஒலி வடிவங்களை வளர்க்கும் ஸிஃப் அமைப்போடு சேர்ந்தது. கீறல் விழுந்த சிடியையும் விடாமல் திரும்பத் திரும்பப் படித்து எடுக்கும் சிடிபாரனோயாவும் அங்கிருந்து வந்ததுதான். இவற்றின் மூலநிரலை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம், விற்கவும் செய்யலாம். விற்பது தப்பில்லை என்பதை நன்றாகக் கவனியுங்கள், ஏனென்றால் இந்த இடத்தில்தான் பலர் தப்பாகச் சண்டைக்குப் போய் மூக்குடைபட்டுத் திரும்புகிறார்கள். லேமுக்கு எல்ஜிபிஎல் உரிமம், சிடிபாரனோயாவுக்கு ஜிபிஎல், இரண்டும் மூலநிரலைத் திறந்து வைக்கச் சொல்லும் உரிமங்கள். விற்பவர் அந்த உரிமத்தைக் கூடவே தர வேண்டும், அந்தப் பகுதியின் மூலநிரலுக்கு வழி சொல்ல வேண்டும். அதையெல்லாம் மறைத்துவிட்டு 'சொந்தத் தொழில்நுட்பம்' என்று எழுதினால் அது பொய் விளம்பரம். உங்கள் புகாரும் அதைப் பற்றித்தான் இருக்க வேண்டும், 'இலவசமானதை எப்படி விற்கலாம்' என்பதாக இருக்கக் கூடாது.

முதல் வேலையாகச் சந்தா தானாகப் புதுப்பித்துக்கொள்வதை நிறுத்துங்கள். அப்புறம் விளம்பரத்தையும் அந்த ஃபோல்டரையும் படம் பிடித்து வைத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பித் தரச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் கேட்காதீர்கள். மறுத்தால் கார்டு கொடுத்த வங்கியிடம் அதே படங்களோடு போங்கள்.

இனி எதை வைத்து ரிப் செய்வது, அதாவது சிடியிலிருந்து பாட்டை ஃபைலாக எடுப்பது? ஃப்ரீஆக் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விண்டோஸில் கியூரிப்பரும் நல்லது. லினக்ஸ்காரர்களுக்கு விப்பர், அசண்டர், கட்டளை எழுதத் தயங்காதவர்களுக்கு ஏபிசிடிஈ. எல்லாமே திறந்த மூலம், அதாவது மூலநிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம். பலர் சத்தியம் செய்யும் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி அருமையான கருவிதான், இலவசமும்கூட, ஆனால் திறந்த மூலம் இல்லை. இரண்டும் வேறு வேறு. எதை இறக்கினாலும் அதை எழுதியவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். 'இறக்கு' என்று ஐந்து பச்சைப் பொத்தான் மின்னுகிற பக்கத்தில் எதை அழுத்தினாலும் உங்கள் தலையில்தான் விடியும்.

கேள்வி: என்னிடம் உள்ள எம்பி3 பாடல்களை ஃப்ளாக் ஆக மாற்றினால் தரம் கூடுமா?

பதில்: கூடாது. ஃபைல் மட்டும் வீங்கும்.

கேள்வி: இசைக்காகவே தயாரித்தது, சாதாரண டிரைவைவிடத் துல்லியமாகப் படிக்கும் என்று சொல்லி மூன்று மடங்கு விலையில் ஒரு யுஎஸ்பி சிடி டிரைவ் விற்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். நான் வாங்கினேன். உத்தரவாதம் முடிந்த மறுநாள் திருகாணியைக் கழற்றிப் பார்த்தால், கனமான உலோகப் பெட்டிக்குள் மடிக்கணினியில் வரும் அதே சாதாரண டிரைவ். பெட்டியின் எடைக்குத்தான் காசு கொடுத்திருக்கிறேன். இப்போது அது காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது.

விஷயம் என்னவென்றால், சிடியில் இருப்பது எண்கள். வினாடிக்கு 44,100 முறை, இரண்டு சேனலுக்கும், ஒவ்வொன்றும் 16 பிட். அந்த எண்களைச் சரியாகப் படித்துவிட்டால் எந்த டிரைவ் படித்தாலும் ஒரே பாட்டுதான், அதற்குமேல் 'இன்னும் சரி' என்று ஒன்று கிடையாது. படித்தது சரியா என்பதுதான் கேள்வி, அதை விலைச்சீட்டு சொல்லாது. ஆக்யுரேட்ரிப் என்ற தரவுத்தளம் சொல்லும். படித்த தரவிலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண் என்று ஒன்று உண்டு, அதே சிடியை ஏற்கெனவே ரிப் செய்தவர்களின் அந்த எண்ணோடு உங்களுடையதை அது ஒப்பிடும். முன்பின் தெரியாத பத்துப் பேருக்கு வந்த எண்ணே உங்களுக்கும் வந்தால் உங்கள் ரிப் சரி. விப்பர், கியூரிப்பர் இரண்டும் இதைத் தாமே செய்யும். ஒவ்வொரு டிரைவ் மாடலும் கொஞ்சம் முன்னேயோ பின்னேயோ தள்ளித்தான் படிக்கத் தொடங்கும். காதுக்கு அது தெரியாது, ஒப்பீட்டுக்குத் தெரியும். அந்தத் தள்ளலின் அளவை மென்பொருளில் ஒருமுறை கொடுத்துவிட்டால் போதும். இருக்கிற விலைகுறைந்த டிரைவிலேயே செய்து பாருங்கள், எண் பொருந்துகிறதா என்று பார்த்துவிட்டு எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: நானூறு சிடிகளை 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக ரிப் செய்துவிட்டு சிடிகளை விற்றுவிட்டேன். இப்போது நல்ல ஹெட்ஃபோன் வாங்கியதும் சலசலவென்று கேட்கிறது. இதைச் சரிசெய்ய என்ன மென்பொருள் வாங்கலாம்?

பதில்: எதுவும் வாங்க முடியாது. சரிசெய்வதாகச் சொல்லி ஒருவர் விற்பார், அவரிடமும் வாங்கிவிட்டு எனக்கு இன்னொரு கடிதம் எழுதாதீர்கள். எம்பி3 குறியாக்கி 'இது காதுக்குத் தெரியாது' என்று தானே தீர்மானித்து ஒரு பகுதியைக் கழித்துவிடுகிறது. கழித்ததை எங்கேயும் எடுத்து வைப்பதில்லை. கேபிபிஎஸ் என்பது ஒரு வினாடி ஒலிக்கு எத்தனை கிலோபிட் என்ற கணக்கு, அது குறைந்தால் கழிப்பது கூடும். நானூறு சிடியை ஒவ்வொன்றாகப் போட்டு எடுக்கப் பொறுமை இருந்திருக்கிறது, முதல் சிடியை முடித்தவுடன் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்டுப் பார்க்க மட்டும் இல்லை.

சரி, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒருமுறைதான் ரிப் செய்வீர்கள், அதை ஃப்ளாக்கில் செய்யுங்கள். ஒரு மணி நேர சிடி அமுக்காமல் இருந்தால் சுமார் 635 எம்பி, ஃப்ளாக்கில் பெரும்பாலும் அதில் பாதியோ கொஞ்சம் அதிகமோதான் ஆகும், ஒரு பிட் கூடக் குறையாது. நானூறு சிடி இருநூறு ஜிபிக்குள் அடங்கிவிடும். ஃபோனுக்குச் சிறிய ஃபைல் வேண்டுமா, அந்த ஃப்ளாக்கிலிருந்து ஓப்பஸ் என்ற வடிவத்தில் 128 கேபிபிஎஸ் எடுத்துக்கொள்ளுங்கள், பழைய காரில் ஓட வேண்டுமென்றால் லேமில் வி2 என்ற தர அளவை வையுங்கள், சராசரி 190 கேபிபிஎஸ் பக்கம் வரும், நாளைக்கு வேறு வடிவம் பிரபலமானால் அதற்கும் மாற்றிக்கொள்ளலாம், மூலம் கையில் இருக்கிறது. சிடிகளை விற்கவும் வேண்டாம், சிடி போன பிறகும் ரிப்பை வைத்திருக்கலாமா என்பதில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறு.

கேள்வி: 'லாஸ்லெஸ்', எதையும் இழக்காதது என்று கூடுதல் விலை கொடுத்து ஒரு ஆல்பத்தை ஃப்ளாக்கில் இறக்கினேன். என் பழைய எம்பி3-க்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. என் காதுதான் கோளாறா?

பதில்: காதைத் திட்டாதீர்கள், முதலில் ஃபைலைச் சந்தேகப்படுங்கள். ஸ்பெக் என்று ஒரு திறந்த மூலக் கருவி இருக்கிறது, பாட்டை அதில் போட்டால் அலைவரிசைகளைப் படமாகக் காட்டும். சிடியிலிருந்து வந்த ஒலியில் 22 கிலோஹெர்ட்ஸ் வரை ஏதாவது இருக்க இடமுண்டு. 16 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் கத்தியால் வெட்டியது போலப் படுக்கைக் கோடு விழுந்து, பாட்டு முழுக்க அதற்குமேல் வெறும் கறுப்பாக இருந்தால், 128 கேபிபிஎஸ் எம்பி3-ஐ ஃப்ளாக் உறைக்குள் போட்டு உங்களிடம் தள்ளியிருக்கிறார்கள் என்று நினைக்கலாம். ஒரு எச்சரிக்கை, பழைய ஒலிப்பதிவுகளில் உச்ச ஒலிகள் இயல்பாகவே மங்கிப்போயிருக்கும், அங்கே கறுப்பு மெதுவாகக் கரைந்து வரும், நேர்க்கோடாக வெட்டாது. எல்லாப் பாடலையும் ஸ்பெக்கில் பார்த்து, படங்களை இணைத்துப் பணத்தைக் கேளுங்கள். விற்ற கடைக்கே தெரியாமல் இசை நிறுவனம் கொடுத்த ஃபைலில் கோளாறு இருந்திருக்கலாம், அதனால் முதல் கடிதத்தில் மரியாதையாகக் கேளுங்கள். இரண்டாவது கடிதத்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. கூடுதல் விலை கொடுத்து எம்பி3 வாங்க வேண்டிய தலையெழுத்து யாருக்கும் இல்லை.

கேள்வி: ஃப்ளாக்கில் 8-ஆம் நிலையில் வைத்தால் 5-ஆம் நிலையைவிட நன்றாகக் கேட்கும் என்கிறாரே என் மைத்துனர்?

பதில்: 0 முதல் 8 வரை எல்லாம் ஒரே ஒலிதான். எண் கூடினால் ஃபைல் கொஞ்சம் சிறிதாகும், நேரம் கொஞ்சம் கூடும். மைத்துனரோடு சண்டை வேண்டாம், விட்டுவிடுங்கள்.

கேள்வி: கீறல் விழுந்த சிடியை ரிப் செய்தேன். 'வெற்றிகரமாக முடிந்தது' என்று செய்தி வந்தது. கேட்டால் நடுவில் டிக் டிக் என்கிறது. கீறல் நீக்கும் கருவி ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன்.

பதில்: வாங்காதீர்கள். கைப்பிடியைச் சுற்றினால் சிடியை மெருகேற்றும் கருவி ஒன்று என்னிடம் இருந்தது. ஒரு கீறலோடு உள்ளே போன சிடி, வட்ட வட்டமாக நாற்பது கீறலோடு வெளியே வந்தது. வட்டப்போக்கில் விழும் கீறல்தான் மோசம், அது தரவு போகிற பாதையிலேயே போகிறது. மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்புக்கு நேராகத் துடையுங்கள். கீழ்ப்பக்கக் கீறல் பெரும்பாலும் பிளாஸ்டிக்கோடு நிற்கும், பிழைக்க வழியுண்டு. பெயர் அச்சடித்த மேல்பக்கத்தில் ஆழமாக விழுந்தால் கதை முடிந்தது, ஒலி பதிந்த படலம் அந்த மையின் அடியிலேயே இருக்கிறது.

'வெற்றிகரமாக' என்பதை நம்பியதுதான் தப்பு. தரவு சிடியில் ஒவ்வொரு 2,352 பைட்டிலும் 2,048-ஐத் தரவுக்கு வைத்துக்கொண்டு மீதியில் பிழை திருத்தம் முதலானவற்றை வைத்திருக்கிறார்கள். ஆடியோ சிடியில் 2,352-உம் இசைக்கே போய்விடுகிறது. அடிப்படைத் திருத்தம் ஒன்று அதிலும் உண்டு, அது தோற்றால் டிரைவ் பக்கத்து எண்களைப் பார்த்து உத்தேசமாக இட்டு நிரப்பிவிட்டுப் பேசாமல் இருந்துவிடும். சாதாரண மென்பொருளுக்கு அது தெரியவே தெரியாது. சிடிபாரனோயா வழியாகப் படிக்கும் மென்பொருளில், வேகத்தைக் குறைத்து மறுபடி எடுங்கள். அப்படியும் சில இடம் மிஞ்சினால் கியூடூல்ஸ் தரவுத்தளத்தில் உங்கள் சிடி இருக்கிறதா பாருங்கள், சிறு சேதங்களை அதில் உள்ள மீட்புத் தகவலைக் கொண்டு ஒட்டுப்போட முடியும். காசு கேட்காது.

கேள்வி: பாட்டுப் பெயர் எதுவும் வரவில்லை, 'டிராக் 01', 'டிராக் 02' என்றே வருகிறது. குறையுள்ள சிடியை விற்றுவிட்டார்களா?

பதில்: இல்லை. பெரும்பாலான ஆடியோ சிடியில் பெயரே இருக்காது. மென்பொருள் பாடல்களின் தொடக்க இடங்களை வைத்து இணையத்தில் தேடிப் பெயரை எடுத்து வருகிறது, சில சமயம் வேறு யாருடைய ஆல்பத்தின் பெயரையோ எடுத்து வருவதும் அதனால்தான். உங்களுடையது பழைய மென்பொருள் என்றால் 2020-ல் மூடிய ஃப்ரீடிபி என்ற பெயர்த் தரவுத்தளத்தை இன்னும் தட்டிக்கொண்டிருக்கும். மியூசிக்பிரைன்ஸுக்கு மாற்றுங்கள், ஏற்கெனவே எடுத்த ஃபைல்களுக்கு அவர்களுடைய பிக்கார்ட் மென்பொருள் பெயர் போட்டுத் தரும். அங்கே உங்கள் ஆல்பம் இல்லையென்றால் நீங்களே சேர்த்துவிடுங்கள், அடுத்தவருக்கு உதவும்.

கேள்வி: அம்மா பேசியதையும் பாடியதையும் பதிந்த ஒரே ஒரு சிடி-ஆர். எண்மமாக்கித் தருகிறோம் என்ற ஒரு கடையில் கொடுத்தேன். நல்ல தொகை வாங்கிக்கொண்டு 96 கேபிபிஎஸ் எம்பி3 ஆகத் தந்திருக்கிறார்கள், இரண்டு இடத்தில் வெட்டு விழுகிறது. 'சிடி பழசு, இவ்வளவுதான் வரும்' என்கிறார்கள். அம்மா இப்போது இல்லை.

பதில்: சிடி உங்கள் கைக்குத் திரும்பிவிட்டது என்று நினைக்கிறேன். இல்லையென்றால் இதைப் படிப்பதை நிறுத்திவிட்டுப் போய் வாங்கி வாருங்கள், பணச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

வெட்டு விழுவதற்கு சிடியின் வயது காரணமாக இருக்கலாம், சிடி-ஆரில் தரவு பதிவது சாயப் படலத்தில், அது மங்கும். 96 கேபிபிஎஸ்ஸுக்கு சிடியின் வயது காரணமே இல்லை, அது கடைக்காரரின் சோம்பல். அதற்காகப் பணத்தைக் கேட்க உங்களுக்கு எல்லா நியாயமும் உண்டு.

ஒரே பிரதி என்பதால் ஆக்யுரேட்ரிப் உதவாது, ஒப்பிட வேறு யாரிடமும் இது இல்லை. நீங்களேதான் ஒப்பிட வேண்டும். குறைந்த வேகத்தில் இரண்டு முறை ஃப்ளாக்கில் எடுத்து, ஒவ்வொரு டிராக்கின் சரிபார்ப்பு எண்ணும் இரண்டிலும் ஒன்றா என்று பாருங்கள். ஃப்ளாக் ஃபைலுக்குள்ளேயே ஒலியின் எம்டி5 என்ற சரிபார்ப்பு எண் இருக்கும், அதை வைத்தே ஒப்பிடலாம். எண் மாறுகிற டிராக்கை மட்டும் வேறொரு டிரைவில் எடுங்கள். சாயம் மங்கிய சிடி-ஆரை ஒரு டிரைவ் படிக்காமல் துப்பும், இன்னொன்று பேசாமல் படித்துவிடும், நண்பர்கள் வீட்டில் உள்ள பழைய கணினிகளையும் விட்டுவைக்காதீர்கள். எல்லாவற்றிலும் வெட்டு விழுந்தால் கிடைத்ததில் நல்லதை வைத்துக்கொண்டு, சிடியை வெயில் படாத இடத்தில் பத்திரமாக வையுங்கள். ஃபைலை இரண்டு வெவ்வேறு இடத்தில் பிரதி எடுத்து வையுங்கள். சொந்த டிரைவ் இல்லையென்றால் இரவல் வாங்குங்கள், இந்த வாரமே.