மரத்தில் வனத்துறை கேமரா: கழற்றலாமா?

அமெரிக்காவில் உங்கள் நிலத்து மரத்தில் வனத்துறை மாட்டிய கேமராவைக் கழற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கழற்றாதீர்கள். நிலமும் மரமும் உங்களுடையவை, கருவி அரசுடையது. கை வைத்தால் உங்கள் மேலேயே வழக்குப் பாயலாம்.

வேலி, "உள்ளே வராதே" பலகை எல்லாம் இருந்தும் வாரண்ட் இல்லாமல் அதிகாரிகள் எப்படி வந்தார்கள் என்றும் கேட்டிருக்கிறீர்கள். வீட்டை ஒட்டாத வெளியில் வாரண்ட் இல்லாமல் நுழையலாம் என்பதற்கு அமெரிக்காவில் "திறந்தவெளி" விதி என்று பெயர். 1924-ல் வந்தது, 1984-ல் ஆலிவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. அந்த வழக்கிலும் பூட்டிய கதவும் பலகையும் இருந்தன என்பதுதான் வேடிக்கை. நியாயமற்ற சோதனையைத் தடுக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் நான்காவது திருத்தம் வீட்டையும் அதை ஒட்டிய வளாகத்தையும் காக்கும். வயலையும் காட்டையும் காக்காது.

எனவே முதலில் வீட்டிலிருந்து அந்த மரம் வரை டேப் பிடித்து அளந்து பாருங்கள். 1987-ல் டன் என்பவரின் வழக்கில் 60 கஜம் தள்ளியிருந்த கொட்டகையே வளாகத்துக்குள் வரவில்லை. ஆனால் தூரம் மட்டும் போதாது. வீட்டைச் சுற்றிய வேலிக்குள் இருக்கிறதா, அந்த இடத்தை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள், வெளியார் பார்வையை மறைத்திருக்கிறீர்களா என்பதும் சேரும். கேமரா எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தேதியோடு படம் எடுத்து வையுங்கள். கொல்லைக்கதவைப் பார்த்தபடி இருந்தால் கதையே வேறு.

எந்த மாநிலம் என்று நீங்கள் சொல்லவில்லை, முடிச்சே அங்கேதான். டென்னசியில் 2024-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், வாரண்ட் இல்லாமல் வனவிலங்கு அதிகாரிகள் நடத்திய இத்தகைய சோதனை மாநில அரசியலமைப்புக்கு முரண் என்றது. மொன்டானா, வெர்மான்ட், நியூயார்க்கிலும் நில உரிமையாளருக்குக் கூடுதல் பாதுகாப்பு உண்டு. மற்ற இடங்களில் உள்ளூர் வக்கீலைப் பார்க்காமல் புகார் எழுத வேண்டாம்.