‘டிக் வான் டைக் ஷோ’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் தயாரிப்பாளர் மெல்லை எழுத்தாளர் பட்டி ஓயாமல் கேலி செய்வது வெறும் நகைச்சுவையா, அலுவலகக் கொடுமையா?

நீங்கள் எந்தச் சூழலில் இதைக் கேட்டீர்கள் என்று சொல்லவில்லை. அலுவலகத்தில் மெல்லின் இடத்தில் இருப்பவர் என்றே எடுத்துக்கொள்கிறேன். பட்டியின் இடத்தில் இருப்பவருக்கு இப்படியோர் ஐயம் வருவதில்லை.

தொடரைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக: 1961 முதல் 1966 வரை அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 158 பகுதிகளாக வந்த கறுப்பு வெள்ளைத் தொடர் இது. ஆலன் பிரேடி என்னும் தொலைக்காட்சி நட்சத்திரத்தின் நிகழ்ச்சிக்கு நகைச்சுவை எழுதும் மூவர் ஓர் அறையில் உட்கார்ந்திருப்பார்கள்: தலைமை எழுத்தாளர் ராப், அவருடன் சாலி, பட்டி. அந்த நிகழ்ச்சியின் தயாரிப்பாளர் மெல் கூலி. ஆலனின் மைத்துனரும் அவரே. வழுக்கைத் தலையும் மூக்குக்கண்ணாடியும் விறைத்த முகமுமாக அவர் உள்ளே வந்தவுடன் அந்தத் தலையைப் பற்றிப் பட்டி ஏதேனும் சொல்வார். மெல் முகத்தைச் சுளித்து ‘யெக்’ என்று ஓர் ஒலி எழுப்பிவிட்டு வெளியேறுவார்.

ஓய்வு பெற்ற பிறகு மகள் வீட்டில், நியூ ஜெர்சியில், வெளியே போக முடியாத ஒரு குளிர்காலத்தில்தான் இத்தொடரைப் பார்த்தேன். நானும் சிரித்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் ‘நகைச்சுவை உணர்வே இல்லாத மனிதர்’ என்று கீழே எழுத நான்கு பேர் வருவார்கள். பட்டியாக நடித்த மோரி ஆம்ஸ்டர்டாம் எந்தப் பொருளைக் கொடுத்தாலும் அந்த நொடியே ஒரு துணுக்குச் சொல்லக்கூடியவர் என்று பெயர் பெற்ற மேடைக் கலைஞர். மெல்லாக நடித்த ரிச்சர்ட் டீக்கன், அடி வாங்கும் முகத்தை அவ்வளவு நேர்த்தியாக வைத்துக்கொள்வார். ஆனால் எனக்கும் முப்பது வயதுக்குள் தலை வழுக்கையாகிவிட்டது. நானும் மெல்லைப் போல மேலிடத்தின் செய்தியைக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தவன். ஆகவே மகளும் மருமகனும் பார்க்காத ஒன்று என் கண்ணில் பட்டது.

தனியார் நிறுவனம் ஒன்றில் உள்தணிக்கைப் பிரிவில் பணிபுரிந்தேன். விற்பனைப் பிரிவினர் கொடுக்கும் பயணப்படி, தங்கும் விடுதி பில்களைச் சரிபார்த்து, ஐயமிருந்தால் மாதாந்திரக் கூட்டத்தில் கேட்பது என் பொறுப்பு. அங்கே விற்பனையில் எப்போதும் முதலிடத்தில் இருந்த ஓர் அதிகாரி எனக்குப் பட்டியாக வாய்த்தார். ஒரு கூட்டத்தில், அவர் ஊரிலேயே இருந்த நாளுக்கு வெளியூர் விடுதி பில் வந்திருப்பதைச் சொல்லத் தொடங்கினேன். அந்த நேரம் பார்த்து மின்சாரம் நின்றது. “சார், தலையைக் கொஞ்சம் ஜன்னல் பக்கம் திருப்புங்க, ரூமுக்கு வெளிச்சம் வரட்டும்” என்றார் அவர். அறையே அதிர்ந்தது. சிரிப்பு ஓய்ந்தபோது மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, “சரி, அடுத்த விஷயம் என்ன?” என்று கேட்டார். பில் அப்படியே போய்விட்டது. பின்னர் தலைமையகம் அதைக் கண்டுபிடித்தபோது, எப்படிக் கவனிக்காமல் விட்டீர் என்று விளக்கம் கேட்டு வந்த கடிதம் என் பெயருக்குத்தான் வந்தது. சிரித்தவர்களில் ஒருவருக்கும் வரவில்லை.

என் தலையைப் பற்றி ஒருவர் பேசினார் என்பதற்காக நான் இன்றுவரை வருந்திக்கொண்டிருக்கவில்லை. அந்தத் துணுக்கு ஒரு வேலையைச் செய்து முடித்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன். தொடரிலும் அதே கணக்குத்தான். மெல் அந்த அறைக்குள் சும்மா வருவதில்லை. ஆலனின் கட்டளையையோ புகாரையோ தூக்கிக்கொண்டு வருவார். அவர் வாயைத் திறப்பதற்குள் பட்டி முந்திக்கொண்டால், கொண்டுவந்த செய்தியின் கனம் பாதியாகிவிடும். மெல்லால் பட்டியை ஒன்றும் செய்யவும் முடியாது, ஏனெனில் ஆலனின் நிகழ்ச்சி ஓடுவதே அந்த மூவரின் எழுத்தால்தான். விற்பனை எண்ணிக்கை என் அலுவலக நண்பருக்குக் கொடுத்த பாதுகாப்பை, பட்டிக்கு அவருடைய நகைச்சுவையே கொடுத்தது.

‘மெல் நிர்வாகத்தின் ஆள், ஆலனிடம் குழைபவர், எழுத்தாளர்களிடம் மட்டும் விறைப்பவர், அவரைக் கேலி செய்வது எளியவர் வலியவரைக் கேலி செய்வதுதானே?’ என்று ஒருவர் வாதிடலாம். அதில் பாதி உண்மை இருக்கிறது. மெல் ஒன்றும் அப்பாவி அல்லர். ஆனால் அதே மெல் ஆலனின் அறைக்குள் போனால் என்ன நடக்கிறது? அவர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கும் முன்பே “வாயை மூடு, மெல்!” என்று ஆலன் சீறுவார். மேலேயும் கீழேயும் அடி வாங்கும் ஒருவரை வலியவர் என்று எப்படிச் சொல்வது? ஆலனாக நடித்தவர் தொடரை உருவாக்கிய கார்ல் ரெய்னரே; நகைச்சுவை நடிகர் சிட் சீசரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நடித்தும் எழுதியும் இந்த உலகத்துக்குள் வாழ்ந்தவர். அதனால்தானோ என்னவோ, யார் யாரை எவ்வளவு தூரம் சீண்டலாம் என்னும் அளவு இதில் இவ்வளவு துல்லியமாக விழுந்திருக்கிறது.

1965இல் வந்த ஒரு பகுதியை நீங்கள் அவசியம் பார்க்க வேண்டும். ராப்பின் மனைவி லாரா ஒரு தொலைக்காட்சிப் போட்டி நிகழ்ச்சியில் வாய்தவறி, ஆலன் தலையில் இருப்பது டோப்பா என்பதை நாடறியச் சொல்லிவிடுகிறார். ஆலன் தம்முடைய டோப்பாக்களை மேசைமேல் வரிசையாக வைத்து, அவற்றோடு பேசும் காட்சி நகைச்சுவையின் உச்சம். ஆனால் கதை எப்படிப் போகிறது என்று கவனியுங்கள். முதலாளியின் வழுக்கை வெளிப்பட்டால் அது ஒரு பகுதி முழுவதும் நீளும் நெருக்கடி, லாரா நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டிய குற்றம். மெல்லின் வழுக்கையோ அன்றாடக் காலைச் சிற்றுண்டி. எழுதியவர்கள் இதைத் தெரிந்தே வைத்தார்களா என்று நான் வாதாட வரவில்லை. பார்த்தபோது எனக்குச் சுருக்கென்றிருந்தது.

சாலி தமக்கு ஒரு கணவனைத் தேடும் படலம் பற்றிய கேலியையும் சிலர் இதே கணக்கில் சேர்ப்பார்கள். அது வேறு, பெரும்பாலும் சாலியே தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்வது. எங்கே நிறுத்துவது என்பது அவர் கையில் இருக்கிறது.

என் வருத்தம் பட்டியின் மேல் இல்லை, ராப்பின் மேல்தான். அறைக்குத் தலைவர் அவர், அன்பான கணவர், பொறுப்பான தந்தை, பார்க்கிற எல்லோருக்கும் பிடித்தவர். அவர் ஒரு முறை முகம் கடுத்துச் சொன்னால் பட்டி அடங்கிவிடுவார். ஆனால் அவர் புன்னகைப்பார், அல்லது ஒப்புக்கு ஒரு முறை அதட்டிவிட்டுக் கடந்துபோவார். எங்கள் மேலாளரும் அப்படித்தான். நல்ல மனிதர், என் மகளின் திருமணத்துக்குக் குடும்பத்தோடு வந்திருந்து பந்தி முடியும்வரை நின்றவர். அந்த ஜன்னல் துணுக்கு முடிந்ததும் “பில்லைப் பற்றி என்னமோ சொல்ல வந்தீங்களே?” என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், மற்றவர்களோடு சேர்ந்து நானும் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பேன்.

விளக்கக் கடிதத்துக்குப் பிறகு, கேட்க வேண்டியவற்றை எல்லாம் கூட்டத்துக்கு முந்தைய நாளே எழுதி, மேலாளருக்கு ஒரு நகலும் தலைமையகத்துக்கு ஒரு நகலுமாக அனுப்பத் தொடங்கினேன். கேலி நிற்கவில்லை, பில்கள் மட்டும் நின்றன. நீங்களும் அதைச் செய்து பாருங்கள்.