அமெரிக்க மாநிலங்களில் ஆங்கிலத்தை ஆட்சிமொழியாக்க வாக்கெடுப்பு நடத்தியதில் என்ன தவறு? பெரும்பான்மை மக்கள் கேட்டதுதானே?

ஆங்கிலத்தின் மேல் எனக்குக் கோபம் கிடையாது, எனக்குச் சோறு போடுகிற மொழி அது. ஆனாலும் இந்த வாக்கெடுப்புகளை நான் ஆதரிக்கவில்லை.

இங்கே கலிபோர்னியாவில் போதிய கையெழுத்து திரட்டினால் ஒரு சட்டத்தை நேராக வாக்குச்சீட்டில் ஏற்றிவிடலாம். தேர்தலுக்கு முன் தபாலில் வரும் கையேட்டில் தலைப்பும் சுருக்கமும் முன்னால் இருக்கும். சட்டத்தின் முழு வாசகம் கடைசிப் பக்கங்களில் பொடி எழுத்தில். அதுவரை புரட்டுகிறவர்கள் குறைவு. ஆங்கிலம் ஆட்சிமொழியாகட்டுமா என்று மட்டும் கேட்டால் யாருக்குத்தான் வேண்டாம் என்று சொல்லத் தோன்றும்? 1986இல் இங்கே நூற்றுக்கு 73 பேர் ஆம் என்றார்கள். ஆங்கிலம் கற்றுக்கொடுக்க அந்த அரசியல் சாசனத் திருத்தத்தில் ஒரு டாலர்கூட ஒதுக்கவில்லை.

1988இல் அரிசோனா இன்னும் கடுமையாகப் போனது. சில விலக்குகள் தவிர, அரசு ஆங்கிலத்தில் மட்டுமே செயல்பட வேண்டும் என்று மாநில அரசியல் சாசனத்திலேயே எழுதிவிட்டார்கள். அதுவும் 50.5 சதவீத வாக்கில்! சிகிச்சைப் பிழைக்கு அரசிடம் இழப்பீடு கேட்டு வருபவர்களைக் கவனித்த ஒரு பெண் ஊழியர், ஸ்பானிஷ் மட்டுமே தெரிந்தவர்களிடம் ஸ்பானிஷில் பேசி வந்தார். வேலைக்கு ஆபத்து வருமோ என்று பயந்து அதை நிறுத்திவிட்டு வழக்குப் போட்டார். உடம்பு கெட்டு நியாயம் கேட்டு வந்தவர் எதிரே, அவர் மொழி தெரிந்த ஊழியர் வாய்மூடி உட்கார வேண்டிய நிலை. இதற்காகவா மக்கள் வாக்களித்தார்கள்? 1998இல் மாநில உச்ச நீதிமன்றம் அந்தத் திருத்தத்தையே ரத்து செய்தது. 2006இல் வேறு வாசகத்தோடு மறுபடி கொண்டுவந்து ஜெயித்தார்கள்.

அதே 1998இல் அலாஸ்காவும் இப்படி ஒன்றை நிறைவேற்றியது. டோகியாக் என்ற ஊரில் நகர மன்றக் கூட்டமே யூபிக் மொழியில்தான் நடக்கும். அலாஸ்கா அமெரிக்காவின் கைக்கு வருவதற்கு முன்பிருந்தே அங்கே பேசப்படும் மொழி. ஊர்க்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். அரசுப் பணி எல்லாம் ஆங்கிலத்தில்தான் என்ற கட்டாயம் 2007இல் நீங்கியது. அப்புறம் 2014இல் பழங்குடி மக்கள் சட்டமன்றக் கட்டடத்தில் விடிய விடிய உட்கார்ந்து, தங்கள் 20 மொழிகளையும் ஆட்சிமொழிப் பட்டியலில் சேர்க்க வைத்தார்கள்.

மாலை நேர இலவச ஆங்கில வகுப்புக்குப் பணம் கேட்டு ஒரு மனு வரட்டும், முதல் கையெழுத்து என்னுடையது.